பதினைந்து நாள் காப்பீடும் ஆயுள்கால மாத்திரையும்

1990 டிசம்பர் 6 அன்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், இந்தியாவில் வடிவமைத்து உருவாக்கப்பட்ட செயற்கை இதய வால்வு முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பூஜப்புரை சாட்டல்மோண்ட் அரண்மனையில் இயங்கிய உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்ததன் பயன் அது. முந்தைய வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஒரு கட்டத்தில் செயற்கை நீலமணிப் படிகத்தாலான தகடுகூடப் பயன்படுத்திப் பார்க்கப்பட்டுக் கைவிடப்பட்டது. கோபால்ட்-குரோமியம் உலோகக்கலவைச் சட்டம், மிகை மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் தகடு, பாலியெஸ்டர் தையல் வளையம் என்று அமைந்த நான்காவது வடிவமே நிலைத்தது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதை வணிகமுறையில் தயாரிக்கத் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் சித்ரா வால்வு இன்று இயங்குகிறது அல்லது இயங்கியிருக்கிறது. 2024 ஜூலையில் வலியத்தான் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகள் இந்தக் கதையைத்தான் மீண்டும் மீண்டும் சொல்லின. சொல்லத் தகுந்த கதைதான்.

ஆனால் அக்கதை அறுவை அரங்கின் வாயிலோடு முடிந்துவிடுகிறது. உலோக வால்வு பொருத்தப்பட்ட எவரும் அதற்குப் பின் வாழும் நாள் முழுவதும் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தை உட்கொண்டாக வேண்டும். மருந்து குறைந்தால் வால்வின்மேல் உறைகட்டி படிந்து தகடு அசையாமல் நின்றுவிடலாம். கட்டியின் சிறு துணுக்கு மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். மருந்து மிகுந்தாலோ மூளையிலும் குடலிலும் குருதி கசியலாம். இவ்விரண்டு ஆபத்துக்கும் இடையிலான பாதை மிகக் குறுகியது. அப்பாதையில் நோயாளியை நடத்திச் செல்லும் ஏற்பாட்டை உருவாக்காமல் வால்வின் எண்ணிக்கையை மட்டும் சாதனையாகக் கணக்கிடுவது, பாதி வேலையை முழு வேலையாகக் கணக்கெழுதுவதாகும்.

இதே நகரம் உறைவெதிர்ப்பி குறித்த இன்னொரு சிக்கலை முழுமையாகத் தீர்த்திருக்கிறது என்பதால் இந்தக் குறை மேலும் உறுத்துகிறது. குருதிப் பை தயாரிக்கும் தொழில்நுட்பத்தையும் ஸ்ரீ சித்திரை நிறுவனமே உருவாக்கி, 1980களில் திருவனந்தபுரத்துப் பெனின்சுலா பாலிமர்ஸ் நிறுவனத்துக்கு வழங்கியது. இன்றைய டெருமோ பென்போல் அதன் தொடர்ச்சியே. தானமாகப் பெறும் 350 மில்லிலிட்டர் குருதிக்கான பையில் 49 மில்லிலிட்டர் கரைசல் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அதிலுள்ள சிட்ரேட், குருதியின் சுண்ணாம்பு அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. சுண்ணாம்பு இன்றி உறைதல் நிகழாது. பாஸ்பேட், குளுக்கோஸ், அடினைன் ஆகியவை சிவப்பணுக்களை 35 நாள்வரை காக்கின்றன. முதல் உலகப்போர்க் காலத்தில் ஊஸ்டன், அகோடே, லூயிசோன் முதலியோர் சிட்ரேட்டைப் பயன்படுத்திக் காட்டியிராவிட்டால், கொடையாளரையும் நோயாளியையும் அருகருகே படுக்கவைத்துத்தான் குருதியை மாற்ற வேண்டியிருந்திருக்கும். பையின் வெற்றிக்குக் காரணம் எளியது: பிளாஸ்டிக்கும் ஊசியும் உறைவெதிர்ப்பியும் ஒரே பொருளாகச் சேர்ந்து வெளிவந்தன. கரைசல் இல்லாத வெறும் பையை எவரும் குருதி வங்கிக்கு விற்பதில்லை. வால்வோ வெறும் வால்வாகவே விற்கப்படுகிறது.

பைக்குள் இருக்கும் குருதிக்கு ஒரு முறை அளந்து ஊற்றினால் போதும். உடலுக்குள் அப்படியில்லை. கல்லீரல் ஒவ்வொரு நாளும் புதிய உறைவுக் காரணிகளை உற்பத்தி செய்கிறது. வார்ஃபரினும் இந்தியாவில் பரவலாகப் பயன்படும் அசினோகூமராலும் வைட்டமின் கே-யின் சுழற்சியைத் தடுத்து, 2, 7, 9, 10 ஆகிய எண்கள் கொண்ட காரணிகள் செயலூக்கம் பெறாதபடி செய்கின்றன. எனவே அன்றாட உணவு, கல்லீரலின் நிலை, உடன் உண்ணும் மருந்து, மரபணு ஆகிய எல்லாமே மருந்தின் அளவை மாற்றுகின்றன. சிபி2சி9 என்னும் நொதியின் மரபணு வேறுபாடுகள் தமிழ் மக்களிடையே எவ்வாறு பரவியுள்ளன என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் இருபதாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரே எடையும் ஒரே வயதும் உடைய இருவருக்கு ஒரே அளவு மாத்திரை பொருந்தாமற்போவதன் காரணங்களுள் ஒன்று அந்த நொதியில் இருக்கிறது.

இம்மருந்தின் பிறப்புக் கதையே அதன் இயல்பைச் சொல்லிவிடும். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவிலும் மாடுகள் சிறு காயத்துக்கே குருதி நிற்காமல் மாண்டன. ஈரத்தில் பூஞ்சை பிடித்த இனிப்புக் கிளோவர் வைக்கோலே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1933 பிப்ரவரியில், கடும் பனிப்பொழிவினிடையே, விஸ்கான்சின் உழவர் ஒருவர் இறந்த பசுங்கன்றையும் ஒரு பால்கேன் நிறைய உறையாத குருதியையும் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் கதவைத் தட்டினார். 1939இல் டைகூமரால் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான வார்ஃபரின், ஆய்வுக்குப் பொருளுதவி செய்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் பெயர் முதலெழுத்துகளைத் தாங்கி, 1948இல் எலி மருந்தாகவே முதலில் சந்தைக்கு வந்தது. மனிதருக்கு 1954இல்தான் அனுமதி. அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபர் ஐசனோவர் மாரடைப்புக்குப்பின் அதை உட்கொண்டார். தீவனத்தின் ஈரத்துக்கேற்ப மாட்டின் உயிர் ஊசலாடியதைப் போலவே, அளவு சற்றே பிசகினால் நோயாளியின் உயிரும் ஊசலாடும்.

இந்த மாத்திரையைத் தமிழில் "இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை" என்று சொல்லும் வழக்கம் மருத்துவமனைகளிலும் நாளிதழ்களிலும் வேரூன்றிவிட்டது. ஆங்கில வழக்கின் நிழலாக வந்த இச்சொல் பொருளிலும் பிழையானது, விளைவிலும் தீங்கானது. குருதி மெலிதாவதில்லை, அதன் அடர்த்தி மாறுவதில்லை. மெலிந்த குருதி என்றால் வலுவற்ற குருதி என்று பொருள்கொள்ளும் பண்பாட்டில், மாத்திரையால் சோகை பிடிக்கும் என்று அஞ்சி அதை நிறுத்துபவரை மூடர் என்று சொல்வதற்கில்லை. அவரிடம் சொல்லப்பட்ட சொல்லை அவர் நம்பினார், அவ்வளவே. உறைவெதிர்ப்பி, உறைவுத் தடுப்பு மருந்து போன்ற சொற்கள் பாடநூல்களில் இருக்கின்றன. அவை மருந்துச் சீட்டுக்கு இடம்பெயரவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு அயலில் தேட வேண்டாத உவமை உண்டு. கீரிப்பாறைப் பகுதியின் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளிக்கு உறைதல் என்பது அன்றாடப் பிழைப்பு. சிரட்டையில் வடியும் பால் தானே உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கப்படுகிறது. ஷீட் ஆக்குவதற்கு ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைக்கப்படுகிறது. அம்மோனியா பாலை நீர்க்கச் செய்வதில்லை. பாலின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. வேதியியல் வேறு, கருத்து ஒன்று. இதைப் புரிந்துகொள்ளும் ஒருவருக்கு உறைவெதிர்ப்பி என்ற சொல் கடினமானது என்று முடிவுகட்டி மெலிவு மாத்திரை என்று விளக்குவது, எளிமைப்படுத்துதல் அன்று.

அந்தத் தொழிலாளியையே சற்று எண்ணிப்பார்க்கலாம். சிறுவயதில் வந்த தொண்டைத் தொற்று, அதைத் தொடர்ந்த வாதக் காய்ச்சல், அதனால் பழுதுபட்ட ஈரிதழ் வால்வு என்பது இந்தியாவில் வால்வு மாற்று அறுவைக்கு வரும் இளம்பெண்கள் பலரின் பொதுக்கதை. மேலைநாடுகளில் வால்வு நோய் பெரும்பாலும் முதுமையின் நோய். இங்கே அது வறுமையின் நோய், இளமையின் நோய். அவருக்கு 25 வயது என்று கொள்வோம். விலங்குத் திசுவாலான வால்வைப் பொருத்தினால் ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் இளம் உடலில் அத்தகைய வால்வு விரைவாகச் சிதைவதால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் நெஞ்சைப் பிளக்கும் இரண்டாவது அறுவை தேவைப்படலாம். ஆகவே உலோக வால்வு. ஆகவே மாத்திரை. நிலைபெற்ற பின் மாதம் ஒரு முறை ஐ.என்.ஆர். சோதனை என்றாலும் 55 வயதுக்குள் 360 முறை. இடையில் காய்ச்சலோ மருந்து மாற்றமோ வந்தால் அதற்கு மேலும்.

தென்மாவட்ட நோயாளிகள் அறுவைக்குத் திருவனந்தபுரம் செல்வது திருவிதாங்கூர்க் காலத்து உறவின் நீட்சி. 1956இல் எல்லை மாறினாலும் அந்த வழக்கம் மாறவில்லை. ஆனால் 360 முறை அங்கே செல்ல இயலாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் சோதனை இலவசமாகக் கிடைக்கக்கூடும். இலவசச் சோதனைக்கும் விலை உண்டு: விடியற்காலையில் வெட்ட வேண்டிய மரங்கள் வெட்டப்படாமல் நிற்கும், அன்றைய கூலி போகும், முடிவு பிற்பகலில் வந்தால் மருத்துவரைக் காண மறுநாளும் போகும். இரண்டு மாதம் சோதனையைத் தள்ளிப்போடும் நோயாளியை "ஒத்துழைக்காதவர்" என்று குறிப்பேட்டில் எழுதுவது மருத்துவத்தின் பழைய பழக்கம். ஒத்துழைக்க மறுப்பது பேருந்து அட்டவணையும் கூலி முறையும்தான்.

காப்பீட்டுத் திட்டங்களின் கட்டமைப்பு இங்கேதான் ஆராயத்தக்கது. ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் 15 நாள்வரையான மருந்து, சோதனைச் செலவும் அதில் அடங்கும். முட்டு மாற்று அறுவைக்கோ குடல்வால் அறுவைக்கோ 15 நாள் ஒருவேளை போதுமானதாயிருக்கலாம். உலோக வால்வைப் பொறுத்தவரை பதினாறாம் நாள்தான் சிகிச்சை தொடங்குகிறது. சில மாநிலத் திட்டங்கள் சில அறுவைகளுக்குத் தொடர்சிகிச்சைத் தொகுப்புகளைச் சேர்த்திருக்கின்றன. அவற்றுக்கும் கால எல்லை உண்டு. லட்சக்கணக்கில் செலவழித்து வால்வைப் பொருத்தும் அரசு, அவ்வால்வு உறைந்து நின்றுபோகாமல் காக்கும் சிறுசெலவை நோயாளியின் தலையில் விட்டுவிடுவது அறத்தின் அடிப்படையில் மட்டுமன்று, வெறும் கணக்கின் அடிப்படையிலும் பிழையானது. உறைந்த வால்வுக்கு மறு அறுவை செய்ய வேண்டும்; அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற கரைப்பானைச் செலுத்த வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 120 நோயாளிகளிடம் இக்கரைப்பான் சிகிச்சையை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, முழுப்பலன் கிட்டியது ஏறத்தாழப் பத்தில் ஆறு பேருக்குத்தான்.

புதிய மருந்துகள் வந்துவிட்டன, சோதனையே தேவையில்லை, சற்றுப் பொறுத்திருந்தால் போதும் என்ற வாதம் மாணவர்களிடையே அடிக்கடி கேட்கிறது. காரணி 10-ஐ நேரடியாகத் தடுக்கும் ரிவராக்சபான், அபிக்சபான், த்ராம்பினைத் தடுக்கும் டாபிகாட்ரான் ஆகியவை பல நோய்களில் வார்ஃபரினின் இடத்தைப் பிடித்திருப்பது மெய்யே. உலோக வால்வில் அவை தோற்றன. டாபிகாட்ரானை 252 நோயாளிகளிடம் சோதித்த ரீ-அலைன் ஆய்வு, உறைகட்டியும் குருதிக்கசிவும் இரண்டுமே மிகுந்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2013இல் வெளியாயின. அபிக்சபானை ஒரு வகை உலோகத் தமனி வால்வில் சோதித்த ஆய்வும் 2022இல் அவ்வாறே நிறுத்தப்பட்டது. வால்வின் தையல் வளையத்திலும் உலோகப் பரப்பிலும் உறைவுத் தொடர்வினை பல இடங்களில் ஒரே நேரத்தில் தூண்டப்படுகிறது. ஒரே படியை மட்டும் அடைக்கும் மருந்து அந்த வெள்ளத்தைத் தாங்குவதில்லை, நான்கு காரணிகளையும் ஒருசேரக் குறைக்கும் பழைய மருந்து தாங்குகிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

இன்னும் கூர்ந்து படிக்க வேண்டியது 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு. ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 24 நாடுகளில், வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுபட்டு இதயத்துடிப்பு ஒழுங்கிழந்த 4,500க்கும் மேற்பட்டோரிடம் அது நடைபெற்றது. இந்திய நோயாளிகளும் இருந்தனர். இவர்கள் உலோக வால்வு பெற்றவர்கள் அல்லர். அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள். ஐ.என்.ஆர். சோதனை ஒழுங்காகக் கிடைக்காத நாடுகளில் ரிவராக்சபானே மேலானதாக இருக்கும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. வைட்டமின் கே எதிர்ப்பிகளைப் பெற்றவர்களிடையே இறப்பும் இதயநோய் நிகழ்வுகளும் குறைவாக இருந்தன. கடும் குருதிக்கசிவு கூடவில்லை. மாதாமாதம் சோதனைக்கு வரும்போது மருத்துவரையும் செவிலியரையும் சந்திக்க நேர்வதே நன்மைக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் கருதினர். அந்த ஊகம் சரியோ தவறோ, பழைய மாத்திரையை ஏழைநாடுகளின் தற்காலிக ஏற்பாடாகக் கருதும் மனப்பான்மைக்கு இம்முடிவு இடந்தரவில்லை.

சோதனையின் தரத்துக்கு வருவோம். ஆர்மண்ட் குவிக் 1935இல் வகுத்த புரோத்ராம்பின் நேரச் சோதனையில், நோயாளியின் பிளாஸ்மாவோடு த்ராம்போபிளாஸ்டின் என்னும் வினைப்பொருளைச் சேர்த்து உறைய எத்தனை நொடி என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு தயாரிப்பின் வினைப்பொருளும் வெவ்வேறு உணர்திறன் கொண்டது. அதைச் சமன்செய்யவே 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். முறையைப் பரிந்துரைத்தது. நோயாளியின் நேரத்தை இயல்பானவர்களின் சராசரி நேரத்தால் வகுத்து, வரும் விகிதத்தை அந்த வினைப்பொருளின் உணர்திறன் குறியீடான ஐ.எஸ்.ஐ. எண்ணின் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். நோயாளிக்கு 24 நொடி, இயல்பு 12 நொடி, விகிதம் 2 என்று கொள்வோம். குறியீடு 1 எனில் ஐ.என்.ஆர். 2.0. குறியீடு 1.5 எனில் 2.8. குறியீடு 2 எனில் 4.0. ஈரிதழ் உலோக வால்வுக்கு இலக்கு 2.5 முதல் 3.5 வரை. ஆக, "விகிதம் 2" என்று மட்டும் எழுதித்தரும் அறிக்கை, மருந்து போதாது, சரி, ஆபத்தான மிகை என்னும் மூன்றில் எதையும் குறிக்கலாம். குறியீட்டெண் குறிப்பிடாத அறிக்கையை மருத்துவர் திருப்பியனுப்ப வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நாடெங்குமுள்ள ஆய்வகங்களுக்காக உறைவுச் சோதனைகளுக்கான புறத் தரமதிப்பீட்டுத் திட்டத்தை நெடுங்காலமாக நடத்திவருகிறது. அதில் சேர்வது விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும் வரை, தாலுகாத் தலைநகரின் சிறு ஆய்வகம் அதன் பக்கம் திரும்பிப் பார்க்காது.

உணவு அறிவுரையும் இப்படித்தான் தேய்ந்துகிடக்கிறது. "கீரை கூடாது" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பப்படும் பெண்ணுக்கு முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வீட்டில் மலிவாகக் கிடைக்கும் சத்து. கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பது சரி. அதை அடியோடு விலக்க வேண்டும் என்பது பிழை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப நிலைநிறுத்தலாம். ஒரு மாதம் முற்றிலும் விலக்கிவிட்டு மறுமாதம் அள்ளி உண்பதே தீங்கு. மாறாக, உண்மையில் எச்சரிக்க வேண்டியவை சொல்லப்படாமல் போகின்றன. வயிற்றுப்போக்குக்கு எழுதப்படும் மெட்ரோனிடசோலும், சிறுநீர்த் தொற்றுக்கான கோட்ரைமாக்சசோலும் ஐ.என்.ஆர். எண்ணைச் சட்டென்று உயர்த்தும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை வீழ்த்தும். காசநோய் மிகுந்த நாட்டில் இது அரிய நிகழ்வன்று. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் குடலில் குருதிக்கசிவை உண்டாக்கும். வார்ஃபரினும் அசினோகூமராலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஈடல்ல என்பதை அறியாமல் ஒன்று தீர்ந்தால் மற்றொன்றைக் கொடுப்பதும் கடைகளில் நேரக்கூடியதே.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான இடம் மகப்பேறு. மேற்சொன்ன இளம்பெண் கருவுற்றால், மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை அது எலும்பையும் மூக்கையும் பாதிக்கலாம். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. ஆனால் ஊசியாகச் செலுத்த வேண்டிய அம்மருந்தால் தாயின் வால்வு காக்கப்படும் உறுதி குறைவு. வார்ஃபரின் அளவு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால் கருவுக்கு ஆபத்து குறைவு என்பதால் சிலருக்கு மாத்திரையையே தொடர்கிறார்கள். பிள்ளைக்கா தாய்க்கா என்று ஒவ்வொரு வாரமும் எடைபோட வேண்டிய இம்முடிவை, திருமணத்துக்கு முன்பே, வால்வைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அந்தப் பெண்ணிடம் நேரடியாகப் பேசியிருக்க வேண்டும். பெரும்பாலும் பேச்சு அவரது தந்தையிடமோ கணவரிடமோ நடக்கிறது. கருத்தரித்ததை அறிந்த அச்சத்தில் யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்ணே எல்லாரினும் பெரிய ஆபத்தில் இருப்பவர்.

தீர்வு புலப்படாத சிக்கல் அன்று இது. விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்து நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவிகள் நெடுநாளாக இருக்கின்றன. நோயாளிகள் தாமே சோதித்துக்கொள்வதைப் பற்றிய பல ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து ஹெனிகன் குழுவினர் 2012இல் லான்செட் இதழில் வெளியிட்ட பகுப்பாய்வில், உறைகட்டி நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 55 வயதுக்குட்பட்டோரிடம் மூன்றில் ஒரு பங்காயின. கடும் குருதிக்கசிவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பிரிட்டனில் செவிலியரும் மருந்தாளுநரும் உறைவெதிர்ப்பி மருத்துவகங்களை நடத்துவது வியப்புக்குரிய செய்தியன்று. இங்கே அது ஆபத்தானது என்போர், இன்சுலின் அளவை ஆரம்ப சுகாதார நிலையங்களும் நோயாளிகளும் சேர்ந்து கையாள்வதை மறந்துவிடுகிறார்கள். இன்சுலினும் பிசகினால் கொல்லக்கூடிய மருந்துதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகள் வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்லப்படுகின்றன. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றியது. இவ்விரண்டிலும் விரல் நுனியில் துளி குருதி எடுக்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. ஒரு வட்டாரத்தில் நீரிழிவு நோயாளிகளோடு ஒப்பிட்டால் உலோக வால்வு பெற்றவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். அந்தச் சிலரின் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பதே முதல் வேலை. அறுவை நடந்த மருத்துவமனையிடமும், வால்வை விற்ற நிறுவனத்திடமும், பணம் செலுத்திய காப்பீட்டுத் திட்டத்திடமும் அத்தரவு தனித்தனியாகக் கிடக்கிறது. மூன்றையும் நோயாளியின் ஒப்புதலோடு இணைத்து வீட்டருகேயுள்ள சுகாதார நிலையத்துக்கு அனுப்ப எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை.

கண்டுபிடிப்பு தேவைப்படும் இடம் வேறு. கருவி ஒரு முறை வாங்கப்படுவது; சோதனைப் பட்டை ஒவ்வொரு முறையும் வாங்கப்படுவது. 360 சோதனைக்கு 360 பட்டைகள். வெளிநாட்டு நிறுவனங்கள் வைத்த விலையில் அதைப் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்ப்பது கடினம். பட்டையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மறுசேர்க்கைத் தொழில்நுட்பத்தால் தயாரித்த திசுக் காரணியும், உறைவை மின்குறியாக மாற்றும் சிறு அமைப்பும். 35 பாகை வெப்பத்தில் ஒரு களப்பணியாளரின் பையில் கிடந்தும் கெடாமல் இருக்க வேண்டும். சோகை மிகுந்த இளம்பெண்ணின் குருதியிலும் சரியாகக் காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்பீட்டுத் தரத்துக்கு எதிரே அளவீடு செய்யப்பட்டிருக்க வேண்டும். நான்கு வடிவங்கள் வரை விடாது முயன்ற பூஜப்புரைப் பிரிவு இன்றும் அதே வளாகத்தில், பொருளறிவியலாளர்களும் உறைவியல் ஆய்வகமும் விலங்குச் சோதனை வசதியும் ஒரே கூரையின்கீழ் இருக்க, இயங்கிக்கொண்டிருக்கிறது. வால்வின் அடுத்த வடிவத்துக்கான ஆய்வுத் திட்டங்கள் எழுதப்படும்போது, அவற்றின் இரண்டாம் பக்கத்தில் இந்தப் பட்டைக்கும் ஒரு நிதித் தலைப்பு ஒதுக்கக் கோரலாம்.